காதில் பஞ்சு

"எதுவும் காதில் விழாமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார் ஏகாம்பரம்.

கூடுவாஞ்சேரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் தியான வகுப்பு நடத்துகிறவர் தில்லைநாயகி. ஏகாம்பரத்தைவிடப் பத்து வயது சின்னவர். குருவுக்கு வயது எதற்கு என்று ஏகாம்பரம் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"காதுக்கு என்ன வந்தது?"

"காதுக்கு ஒண்ணுமில்லம்மா. ரயிலுக்குத்தான்."

தினமும் காலையில் எழும்பூர் வரை எலக்ட்ரிக் ட்ரெயின். வீட்டில் அசையாமல் உட்கார்ந்து சேர்த்த அமைதி தாம்பரம் தாண்டுவதற்குள் காலி. எதிரே நாலு சீசன் டிக்கெட்காரர்கள், முழங்கால்களின் மேல் துண்டை விரித்து ரம்மி ஆடுவார்கள். சீட்டை ஓங்கி அடித்துத்தான் போடுவார்கள். அங்கே ஒருவருடைய போனில் சினிமாப் பாட்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி. இன்னொருவர் சம்பந்தியோடு சண்டை, அதுவும் ஸ்பீக்கரில். சம்பந்தி திட்டுவதையும் நாம் கேட்டாக வேண்டும்.

"நிறுத்தச் சொன்னீங்களா?"

"நான் எதுக்கும்மா சண்டைக்குப் போகணும்? கோபம் வரக்கூடாதுன்னுதானே உங்ககிட்ட வர்றேன்."

கோபம் வரக்கூடாது என்பதில் மட்டும் அவர் மகா கோபமாக இருந்தார்.



"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார் தில்லைநாயகி.

மறுநாள் ஏகாம்பரம் பஞ்சோடு வந்தார். இரண்டு உருண்டை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து காதில் திணித்துக்கொண்டார்.

"பாதி வேலை இதும்மா. மீதியை மூச்சு பாத்துக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார். தில்லைநாயகிக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் இடம் கிடைத்தது.

தாம்பரத்தில் கூட்டம் ஏறியது. கூட்டத்தோடு ஒரு பெண்ணும் ஏறினாள். வெள்ளைக் கோலை மடக்கிப் பையில் வைத்துவிட்டு, சீட்டின் முதுகைத் தடவிப் பார்த்து, ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெட்டியில் ஸ்பீக்கர் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனையும் பேர் சொல்லி அறிவிக்கும். அன்றைக்கும் அறிவித்தது. சினிமாப் பாட்டு அதை விழுங்கிவிட்டது.

சைதாப்பேட்டை போனதும் அந்தப் பெண் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்கப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

ஏகாம்பரம் அசையவில்லை. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

தில்லைநாயகி எழுந்தார். நெரிசலில் பிதுங்கி, நாலைந்து பேர் காலை மிதித்து, வந்து சேர்ந்து, அவர் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்.

"சார், கோடம்பாக்கம் வந்துடுச்சா?"

ஏகாம்பரத்தின் காதில் விழுந்த முதல் வார்த்தை அதுதான். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். கோடம்பாக்கம் என்று எழுதிய மஞ்சள் பலகை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"போயிடுச்சேம்மா."

நுங்கம்பாக்கத்தில் மூன்று பேரும் இறங்கினார்கள். அவள் பெயர் ரெபேக்கா. கோடம்பாக்கத்தில் ஒரு ஆபீசில் டெலிபோன் ஆப்பரேட்டர்.

"இன்னொரு தடவை லேட்டானா, துணைக்கு ஆளோட வா, இல்லைன்னா வரவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். "இன்னிக்கு அந்த இன்னொரு தடவை. கெஞ்சிப் பாக்கணும்."

"துணைக்கு நான் வர்றேம்மா. தினமும் கையைப் பிடிச்சு இறக்கி விடறேன்" என்றார் ஏகாம்பரம்.

"கை எதுக்கு சார்? எனக்கு நடக்கத் தெரியும். ஸ்பீக்கர் சொல்றது காதுல விழணும். அவ்வளவுதான்."

"லேடீஸ் பெட்டி இருக்கே. உங்களுக்குன்னு தனிப் பெட்டிகூட..."

"சத்தம் போடறவங்களுக்குத் தனிப் பெட்டி கிடையாதா சார்?"

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நானும் தினமும் நிறுத்தச் சொல்றேன். சிரிக்கறாங்க. கூட ஒருத்தர் சொன்னாக்கூடப் போதும். பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். இழுத்து இழுத்து மூச்சு விடுவார். அவர்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். தூங்குவார் போல."

கோலை விரித்துக்கொண்டு எதிர்ப்புறம் போகும் வண்டியைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அந்த ஆள் ஏகாம்பரம்தான். அவள் குரல் அவருக்குத் தெரியும். தினமும் கேட்ட குரல்தான். அதையும் இரைச்சலோடு சேர்த்துத்தான் தள்ளி வைத்திருந்தார்.

"தியானம் உங்களுக்கு நல்லாவே வந்திருக்கு" என்றார் தில்லைநாயகி.

"அம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?"

தில்லைநாயகி பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"இனிமே வகுப்புக்கு வராதீங்க."

மறுநாள் ஏகாம்பரம் தனியாக ஏறினார். கண்ணை மூடவில்லை. தாம்பரத்தில் ரெபேக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கெஞ்சியது பலித்திருக்க வேண்டும். பாட்டு ஆரம்பித்தது. போனை வைத்திருந்தவர் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

"தம்பி, பாட்டை நிறுத்துங்க."

"ஏன் சார், இது என்ன உங்க சொந்த வண்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பேசாம வாங்க."

ரம்மிக்காரர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்குப் பயம்தான், வேறென்ன. அவர் வாழ்க்கையில் யாரோடும் சண்டை போட்டவர் இல்லை.

வண்டி நின்றது. ஏகாம்பரம் எழுந்து நின்றார்.

"குரோம்பேட்டை!"

அவர் போட்ட சத்தத்தில் துண்டிலிருந்து சீட்டுகள் சரிந்தன.

"சாருக்கு என்ன ஆச்சு?"

"பல்லாவரம்!"

"யோவ், உட்காருய்யா."

"திரிசூலம்!"

கட்டம் போட்ட சட்டை பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். ஏகாம்பரமும் கூட்டினார். கிண்டி வருவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் கத்தினார். யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

"மனுஷன் கொஞ்சம் நிம்மதியா வர முடியுதா இந்த வண்டியில?" என்று கேட்டார் ஒரு ரம்மிக்காரர். ஏகாம்பரத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கொஞ்சமும் வெட்கமில்லை.

"மாம்பலம்!"

"அய்யோ, போதும் சார்! அணைச்சுத் தொலைச்சுட்டேன்!"

பாட்டு நின்றது. சீட்டை ஓங்கிய கை, அடிக்காமல் மெல்ல வைத்தது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அந்தப் பெட்டியில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்பீக்கர் சொன்னது, அடுத்த நிலையம் கோடம்பாக்கம் என்று.

ரெபேக்கா எழுந்துவிட்டாள். கோலைத் தட்டியபடி வாசலுக்குப் போனாள். வண்டி நின்றதும் இறங்கினாள். ஏகாம்பரம் நன்றி எதிர்பார்க்கவில்லை.

வண்டி கிளம்பியது. கட்டம் போட்ட சட்டை போனை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து பாட்டு மறுபடி அலறியது.

ஏகாம்பரத்தின் ஜன்னலோர சீட் காலியாகவே இருந்தது. அவர் உட்காரவில்லை. வண்டி வேகம் குறைந்தது.

"நுங்கம்பாக்கம்!"

குரல் உடைந்து பாதிதான் வந்தது.

"அதான் அவங்க இறங்கிட்டாங்களே சார்" என்றார் கட்டம் போட்ட சட்டை. "இன்னும் யாருக்குக் கத்தறீங்க?"

"எனக்கு" என்றார் ஏகாம்பரம்.