புள்ளியின் உயரம்

"டீச்சர், கரடு எங்கே?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

செண்பகவல்லி டீச்சர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

படத்தில் சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது. மேலே ஓரிடத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. அவ்வளவுதான்.

முப்பது வருடமாக டீச்சர் வரைந்ததெல்லாம் ஊருக்கு மேற்கே நின்ற குருவிக்கரடு என்ற பாறைக் குன்றைத்தான். வேறெதையும் வரையத் தெரியாது என்று கேலி பேசுவார்கள். பேசியவர்கள் வீட்டிலும் அந்தப் படம் தொங்கும்.

பிறகு படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. முதலில் மரங்கள். அப்புறம் பாறைகள். கடைசியில் கரட்டின் கோடும் போய்விட்டது.

கோட்டைச்சாமி ஓய்வுபெற்ற சர்வேயர். டீச்சரைவிட ஒன்பது வயது மூத்தவர். படம் கற்றுக்கொள்ள வந்து இரண்டு வருடமாகிறது. ஒரே ஒரு படம் ஒழுங்காக வரைந்துவிட்டால் போதும் என்பார். எந்தப் படம் என்று டீச்சர் கேட்டதில்லை. தெரியும்.

இருபது வருடத்துக்கு முன் குவாரிக்காக அந்தக் கரட்டை அளந்தவர் அவர்தான். 'வெறும் பாறை. யாருடைய பயன்பாட்டிலும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

போன கார்த்திகைவரை உச்சி மட்டும் மிச்சமிருந்தது. ஆடியில் வெடி வைத்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

"டீக்கடையில சிரிக்கிறாங்க டீச்சர். உங்களுக்குக் கண்ணுல புரை விழுந்திருச்சாம்."

"விழலையே."

"அப்ப கரட்டை வரைங்க. பழைய மாதிரியே. பார்த்துப் பார்த்து நானும் வரைஞ்சுக்கிடுவேன். அளவு வேணும்னா எங்கிட்ட இருக்கு. இருநூத்திப் பன்னெண்டு அடி."

"இருக்கறதத்தான் சார் நான் வரைவேன்."

"இந்தப் புள்ளி எங்க இருக்கு?"

டீச்சர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் தெருவுக்கு வாங்க," என்றார்.

அன்று திருக்கார்த்திகை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். கையில் எண்ணெய் ஊற்றிய அகல்கள். ஒருத்தியும் ஏற்றவில்லை.

கரட்டு உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவது அந்த ஊர் வழக்கம். பழக்கதோஷம், எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சாம்பல் நிறத்தில் வானம் மட்டும் இருந்தது.

கோட்டைச்சாமி அவர்கள் முகங்களைப் பார்த்தார். யாருமே கீழே குவாரிப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் வானத்தில் ஒரே உயரத்தில் நின்றன.

"டீச்சர், நேரமாகுதே. ஏத்திரலாமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மாரக்காள்.

"சாரைக் கேளு," என்றார் டீச்சர். "அளந்தவரு அவருதானே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கோட்டைச்சாமி தாங்கியிருப்பார்.

தெருவே அவர் பக்கம் திரும்பியது.

கோட்டைச்சாமி கையைத் தூக்கினார். விரல் தானாகவே அந்த உயரத்தில் போய் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு அடி.

"அங்க..." என்றார்.

மாரக்காள் அந்த விரல் காட்டிய இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். தீக்குச்சியை உரசினாள்.

தெரு முழுக்க விளக்குகள் எரிந்தன.

கோட்டைச்சாமி கையை இறக்கவே இல்லை.