பல்லக்குக்காரர்கள் கோவணம் கட்டிய கதை

ராஜாவுக்குக் கால் வலித்தால் ஊருக்குத் தோள் வலித்த காலம் அது. மேழிக்குடி ராஜாவின் பல்லக்கைப் பூதன், சாத்தன், கூத்தன், காரி என்று நான்கு பேர் தூக்கினார்கள். தோளில் நல்ல பலம். கழுத்துக்கு மேலே நல்ல காற்றோட்டம்.

ஒருநாள் ஆற்றைக் கடக்கும்போது காரியின் வேட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. கரை முழுக்க ராணியின் தோழிகள்.

மறுநாள் காலையில் அரண்மனை அதிகாரி கத்தினார்: "சாயங்காலத்துக்குள்ளே எல்லாருக்கும் வேட்டிக்குள்ளே கோவணம் இருக்கணும்! ராஜாவே பார்ப்பார். இல்லாவிட்டால் ஆளுக்கு ஐம்பது சவுக்கடி!"

நால்வரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வேட்டிக்குள்ளே இருந்தால் ராஜா எப்படிப் பார்ப்பார்?" என்றான் பூதன்.

"அப்போ வேட்டிக்கு மேலே கட்டுவோம்" என்றான் சாத்தன்.

கட்டினார்கள். கூத்தன் முகம் வாடியது. "தெரியுது, சரி. ஆனா வேட்டிக்குள்ளே இல்லையே அண்ணே?"

நியாயம்தான். மேலே இன்னொரு வேட்டி சுற்றினார்கள். இப்போது உள்ளே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே ஒரு கோவணம். தெரிந்தது, உள்ளே இல்லை. மறுபடியும் வேட்டி. ஊரில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் தீர்ந்துபோனது. முழங்கால் மடங்காததால் நால்வரும் அரண்மனைக்கு உருண்டே போனார்கள்.

"இந்த நெல் மூட்டைகளை யார் கொண்டுவந்தது?" என்றார் ராஜா.

"நாங்கதான் மகாராஜா" என்றது ஒரு மூட்டை.

அவிழ்க்கச் சொன்னார். ஆளுக்குப் பன்னிரண்டு வேட்டி, பன்னிரண்டு கோவணம். கடைசி வேட்டியையும் உருவிய சேவகன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"பன்னிரண்டில் ஒன்றுகூடவா உள்ளே இல்லை?"

"எல்லாம் உள்ளேதான் இருந்தது மகாராஜா. நீங்கதான் அவிழ்க்கச் சொன்னீங்க" என்று பூதன் அழுதே விட்டான்.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. "அடிக்க வேண்டாம். வேட்டியைக் கொடுத்து, தலைக்கு ஒரு புதுக் கோவணமும் கொடுத்து அனுப்புங்கள்."

நால்வரும் புதுக் கோவணத்தைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தார்கள். காரியின் மனைவி நங்கை வாசலிலேயே மறித்தாள். "இடுப்புக்கு எங்கேய்யா?"

"அவசரப்படாதே. ராஜா மேலேயிருந்து ஆரம்பிச்சிருக்கார்" என்றான் காரி. "அடுத்த மாசம் கழுத்து, அதுக்கப்புறம் நெஞ்சு. எப்படியும் தை பிறக்கிறதுக்குள்ளே இடுப்புக்கு வந்துடுவார்."