ராஜாளி தட்டிய உருமால்

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலத்தில், ஒரு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜா ஆண்டார், இந்தப் பக்கம் ஒரு ராஜா ஆண்டார். ராஜாக்கள் தம் பாட்டுக்கு ஆண்டுகொண்டிருக்கட்டும், நம் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. நமக்கு வேண்டியது அந்த மலைக் கணவாயும், அதன் வழியாக வந்த ஒரு கல்யாணக் கூட்டமும்தான்.

கல்யாணப் பெண்ணின் பெயர் வேலாத்தாள். மலைக்கு இந்தப் பக்கத்து அடிவார ஊரில் சென்னியப்பனின் ஒரே மகள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வாயில் பொய் வந்து யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கத்துக் காங்கேயன். மாட்டுச் சந்தையில் மிரண்டு ஓடிய ஒரு காளையை அவன் கோல் எடுக்காமல், பேசிப் பேசியே நிறுத்தியதை வேலாத்தாள் பார்த்திருந்தாள். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவள் அப்பாவுக்குத்தான் அது வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

காங்கேயனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பெரியப்பா வையாபுரிதான் வளர்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இவர் பட்டினி கிடப்பார். பிள்ளையை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் ஊரையே இரண்டு பண்ணிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படும்போது தலையில் உருமால் கட்டுவார்கள். உருமால் என்பது கல்யாணத் தலைப்பாகை. கட்டியது கட்டியதுதான், தாலி ஏறும்வரை அது தலையைவிட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? ஆகாது என்றால் ஆகாது, அவ்வளவுதான்!

முகூர்த்த நாள் காலையில் மேளதாளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் கணவாய்க்கு வந்தார்கள். அங்கே வழி ஓர் உயரமான பாறையை ஒட்டிப் போகிறது. காங்கேயன் அந்தப் பாறைக்குக் கீழே வந்தான். மேலேயிருந்து விர்ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு ராஜாளி பாய்ந்து தலையில் அடித்தது. உருமால் பறந்து பாறையடியில் விழுந்தது. அவன் நெற்றியில் ரத்தம் கசிந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லாரும் முன்னால் ஓடி, கணவாயைத் தாண்டிய வெட்டவெளியில் போய்த்தான் நின்றார்கள்.

"மேளத்தை நிறுத்துங்கடா!" என்று கத்தினார் வையாபுரி.

கூட வந்த பூசாரி கண்ணை மூடித் திறந்தார். "ராஜாளி சும்மா யாரையும் தொடாது. குத்தம் உள்ளவங்களைத்தான் அடிக்கும். பொண்ணோட ராசி சரியில்லை. இது மலைத்தெய்வத்தோட வாக்கு" என்றார். மலைத்தெய்வம் இவர் காதில் எப்போது வந்து சொன்னதோ, யாரும் கேட்கவில்லை.

சேதி பெண் வீட்டுக்குப் போயிற்று. பந்திக்குச் சோறு வடித்தாகிவிட்டது. பெண்கள் ஒப்பாரி வைக்காத குறை. மலையேறி வந்த மாப்பிள்ளை திரும்பிப் போனால், அந்தப் பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? ராசி இல்லாதவள் என்ற பேர் கட்டை வேகும்வரை போகாது. அதைவிட, காங்கேயன் கிடைக்க மாட்டான். வேலாத்தாளுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

"அடியே, கல்யாணப் பொண்ணு வாசல் தாண்டக் கூடாதுடி!" என்று பின்னால் ஓடி வந்தார் சென்னியப்பன்.

"கல்யாணமே வாசல் தாண்டிப் போகுதுங்கப்பா!" என்றாள் அவள், திரும்பாமலே.

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது வையாபுரி கையில் வில் இருந்தது. பூசாரி பரிகாரம் சொல்லியிருந்தார். அந்த ராஜாளியைக் கொல்ல வேண்டும், கூட்டைக் கொளுத்த வேண்டும், சாம்பலை வழியில் தூவ வேண்டும். தோஷம் போய்விடும், கல்யாணம் நடக்கலாம்.

"வேண்டாங்க பெரியப்பா" என்று காங்கேயன் சொல்லிப் பார்த்தான். பெரியப்பா காதில் ஏறவில்லை.

சென்னியப்பனுக்கோ போன உயிர் வந்தது. "அப்படியே செய்யுங்க சம்பந்தி! கல்யாணம் நடந்தாப் போதும்" என்றார்.

இப்போது பாருங்கள், வேலாத்தாள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவள் கேட்ட மாப்பிள்ளை கிடைப்பான், கெட்ட பேரும் போய்விடும். அவள் பாறையை நிமிர்ந்து பார்த்தாள். ராஜாளி ஓர் ஓணானைக் கவ்விக்கொண்டு பாறை இடுக்குக்குள் போயிற்று. உள்ளேயிருந்து பஞ்சு ஒட்டினாற்போல மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றும் ஆவென்று வாயைத் திறந்தன.

ஓகோ, சங்கதி இதுதானா என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"பூசாரியாரே, குத்தம் உள்ளவங்களைத்தானே அது அடிக்கும்? நீங்க குத்தம் இல்லாதவர். போய் அந்த உருமாலை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பூசாரி போனார். விர்ரென்று வந்தது ராஜாளி. குடுமி அவிழ, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அப்பா, நீங்க எறும்பைக்கூட மிதிக்காதவர்" என்றாள் வேலாத்தாள். சென்னியப்பன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே போனார். விர்ரென்று வந்தது ராஜாளி. தோளில் கிடந்த துண்டைப் பறிகொடுத்துவிட்டு ஓடி வந்தார்.

மூன்றாவதாக அவளே போனாள். அதற்கு முன்னால் சீர்த் தட்டு ஒன்றிலிருந்த தேங்காயையும் வெற்றிலையையும் பூசாரி மடியில் கொட்டிவிட்டு, அந்தப் பித்தளைத் தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். விர்ரென்று வந்தது ராஜாளி. டங்! தாம்பாளம்தான் அடி வாங்கியது. அவள் சாவகாசமாக உருமாலை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"பாவ புண்ணியம் பாக்கிற பறவை பித்தளைக்கு ஏமாறுமா? அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், குஞ்சு இருக்கிற இடத்துக்குக் கீழே யாரோ வர்றாங்க" என்றாள். கூட்டம் மேலே பார்த்தது. மூன்று தலைகளையும் கண்டது. மேளக்காரர்தான் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

வையாபுரி சிரிக்கவில்லை. "குத்தமோ, குத்தம் இல்லையோ! எம் புள்ளை நெத்தியில ரத்தம் பாத்த பறவை உசிரோட இருக்கக் கூடாது. தள்ளி நில்லு அம்மணி" என்று நாணை இழுத்தார்.

அவள் தள்ளி நிற்கவில்லை. அம்புக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, இந்தத் தாய்ப் பறவையைக் கொன்னு ஏறுற தாலி எனக்கு வேண்டாம். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். உங்க புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததும் வில்லை எடுத்துட்டீங்க. அவ புள்ளைங்களுக்குக் கீழே இத்தனை பேர் மேளம் கொட்டிக்கிட்டு வந்தா அவ என்ன செய்வா? உங்களுக்கு வில்லு, அவளுக்கு நகம். அவ செஞ்சது தப்புன்னா, நீங்க செய்யறதும் தப்புத்தானே மாமா?"

கல்யாணம் கைவிட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நகரவில்லை.

வையாபுரி பறவையைப் பார்த்தார். தன் பிள்ளையைப் பார்த்தார். வில் மெல்லத் தாழ்ந்தது.

"இந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தா இனிமே எனக்குப் பேச்சு ஏது?" என்றார். பிறகு உருமாலை வாங்கித் தன் கையாலேயே காங்கேயனுக்குக் கட்டினார். "நிக்கிறியேடா! முகூர்த்தம் போகுது, நட!"

தாலி ஏறியது. பந்தியும் குறைவில்லாமல் நடந்தது.

மறுநாள் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கணவாயில் மேளம் வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்குக் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள் எல்லாம் தலைகளில் ஏறின. அண்டா ஒரு தலையில், குண்டா ஒரு தலையில், பூசாரி தலையில் இட்லிக் கொப்பரை. டங், டங் என்று எல்லாரும் தாண்டிப் போனார்கள்.

கடைசியாக வந்தார் வையாபுரி. அவருக்கென்று வேலாத்தாள் ஒரு தாம்பாளத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வெறுந்தலையோடு பாறைக்குக் கீழே நடந்தார். ராஜாளி பாய்ந்து வந்து அடித்தது. அவர் ஓடவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை.

"அடி தாயே, அடி" என்றார். "நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்."

ஆகவே கதை கேட்டவர்களே, நம்மை அடித்தவரைத் தண்டிக்கப் புறப்படும் முன், அவர் எதைக் காப்பாற்ற அடித்தார் என்று நாம் பார்க்க வேண்டும்.