கஜபதி காது

ஓசூர் பைக் கிளப்பில் தலைவர் கஜபதியின் காது வைத்ததுதான் சட்டம். மெக்கானிக் கடையில், புது சைலன்சர் மாட்டிய தன் வண்டியின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டவர் சீறினார்.

"பெட்ரோல் டியூனிங் பண்ணலைன்னு சத்தமே சொல்லுதே! கடைக்காரரே, இந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா கிளப் வண்டி ஒண்ணுகூட இங்க வராது."

"சைலன்சரோட பின்குழாய் மட்டுந்தாண்ணே மாத்தினோம், இதுக்கு லேப்டாப்ல பெட்ரோல் அளவை மாத்துற டியூனிங் தேவையில்ல," என்றாள் மெக்கானிக் ரெஜினா.

"எனக்கே பாடமா? பண்ணும்மா!"

"சரிண்ணே, கேளுங்க." லேப்டாப்பைத் தடதடவென்று தட்டிவிட்டு வண்டியை முறுக்கினாள்.

கஜபதி மூடிய கண்ணோடு சொக்கிப்போனார். "ஆஹா! இதாம்மா டியூனிங்!"

"கண்ணைத் திறங்கண்ணே," என்றாள் ரெஜினா, தலை நிமிர்ந்து. "லேப்டாப்புல இருந்து வண்டியில சொருக வேண்டிய வயர் இன்னும் என் கையிலதான் இருக்கு."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த வண்டியையும் நீயே எடும்மா," என்றார்.