பச்சையம்மாள் கேட்டது

"இன்னும் எத்தனை பேர், மேடம்?" என்று கேட்டார் குலசேகரன்.

டாக்டர் சுபைதா முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இந்த மாசத்துல இது அஞ்சாவது சாவு. அஞ்சு பேரும் நோய் முத்திப்போய்த்தான் வந்தாங்க. நான் கத்தியைத் தொடுறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோயிருக்கு. அப்புறம் நான் எதுக்கு இங்கே? ஊருக்கே போயிடுறேன்."

குலசேகரன் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். சுபைதாவின் கை ஈரமாக இருந்ததால் சிஸ்டர் ஜெசிந்தா வாங்கிப் பிரித்தார்.

"மூணாவது ராஜினாமா," என்றார் ஜெசிந்தா. "போன ரெண்டு தடவையும் தேதி போடலை. இந்தத் தடவை போட்டிருக்கார்."

குலசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சுபைதாவைவிடப் பத்து வயது பெரியவர். நகரத்தில் பதினெட்டு வருடம் அறுவை சிகிச்சை செய்தவர். இந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அவரிடம் போகிறவர்கள் பயமில்லாமல் தியேட்டருக்குள் நுழைகிறார்கள் என்று கேள்விப்பட்டார். அது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்து எட்டு மாதம் ஆகிறது.

முதல் நாள் சுபைதா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஊசி எடுத்தா, ஆள்கிட்ட சொல்லிட்டு எடுங்க."

"மயக்கத்துல இருந்தா?"

"அப்பவும்."

தாசில்தாராக இருந்தாலும் சரி, ஆடு மேய்ப்பவராக இருந்தாலும் சரி, சுபைதா காதருகே குனிந்து சொல்வார். குத்தப்போறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஆரம்பத்தில் குலசேகரனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

சுபைதா கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டார். காகிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு. அந்தம்மாவுக்குத் தையல் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"வாங்க, பார்க்கலாம்."

தியேட்டரில் பச்சையம்மாள் படுத்திருந்தாள். செங்கல் சூளையில் கல் அறுப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். குடல் ஓட்டையாகி, மூன்று நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்துவிட்டு, இன்று மதியம் வந்தாள். மேசையிலேயே போய்விட்டாள்.

நகத்துக்குள் செம்மண் அப்படியே இருந்தது. கால் மெட்டி கழலவில்லை என்று அதன்மேல் பிளாஸ்திரி சுற்றியிருந்தார்கள்.

சுபைதா துணியை விலக்கினார். வயிற்றில் ஏழு தையல். கோணி மூட்டையின் வாயைத் தைத்ததுபோல எட்ட எட்ட, பெரிது பெரிதாக.

"காலையில ஜவுளிக்கடை அம்மாவுக்கு எப்படிப் போட்டீங்க?"

"தோலுக்கு உள்ளேயே ஓட்டினேன். தழும்பு தெரியாம."

"இவங்களுக்கு?"

"மேடம், அந்தம்மா உயிரோட இருக்காங்க."

சுபைதா கையுறை மாட்டிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். முதல் தையலை வெட்டினார். இரண்டாவதை வெட்டினார். ஏழையும் வெட்டினார்.

"அக்காக்காரி வெளியே நிக்குது," என்றார் ஜெசிந்தா. "குளிப்பாட்டணும்னு புதுப்புடவை வாங்கிட்டு வந்திருக்கு."

"கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லுங்க."

ஜெசிந்தா போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"மேடம்," என்றார் குலசேகரன். "நீங்க எப்படி இதையெல்லாம் தாங்குறீங்க?"

"தாங்கலையே."

சுபைதா மெல்லிய நூல் கோத்த ஊசியை எடுத்து வைத்தார்.

பிறகு கேட்டார். "உள்ளே வரும்போது இவங்க என்ன பேசினாங்க?"

குலசேகரன் யோசித்தார். ஸ்கேன் படம் நினைவுக்கு வந்தது. நாடித்துடிப்பு நூற்று நாற்பது என்பது நினைவுக்கு வந்தது. பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எதுவும் பேசலை."

"பேசிச்சு சார்," என்றார் ஜெசிந்தா. இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டு 'வலிக்குமா டாக்டர்'னு கேட்டுச்சு."

"அதுக்கு டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் சுபைதா.

ஜெசிந்தா தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"'மூணு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தே, அறிவில்லையா'ன்னு கேட்டார். அதுக்குள்ள மயக்கம் கொடுத்துட்டாங்க."

குலசேகரன் பச்சையம்மாளின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. யாரோ அவசரமாகத் தைத்தது.

வாசலில் சத்தம் கேட்டது. யாரையோ தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அதே சூளை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர்.

"எத்தனை நாளா வலிக்குதாம்?" என்று உள்ளிருந்தபடியே கேட்டார் ஜெசிந்தா.

"நாலு நாளாங்க," என்றது ஒரு குரல்.

குலசேகரன் கண்களை மூடிக்கொண்டார்.

சுபைதா ஊசிப்பிடியை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே போனார். கதவு மூடுவதற்குள் அவர் குரல் கேட்டது.

"பேர் என்னங்க ஐயா? நான் சுபைதா. கையைக் கொடுங்க."

குலசேகரன் ஊசியோடு நின்றார். சுபைதா கொண்டுவந்து வைத்த ராஜினாமாக் காகிதம் டிரேயின் ஓரத்தில் கிடந்தது. அவருடைய ஈர விரல் பட்டு, போட்டிருந்த தேதி கலங்கியிருந்தது.

தோலின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார். ஊசியைக் கொண்டுபோனார். நிறுத்தினார்.

ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குலசேகரன் பச்சையம்மாளின் காதருகே குனிந்தார்.

"வலிக்கும்மா," என்றார். "மெதுவாத்தான் போடுறேன்."