தாளாளர் அடித்த பந்து

எங்கள் மகளிர் கல்லூரித் தாளாளர் குணபூஷணத்துக்குப் போன சீசனில் நாங்கள் தோற்றது பெரிய மானப் பிரச்சினை. புது சீசன் தொடங்கும் முன் கால்பந்து அணியை வரிசையாக நிற்க வைத்தார்.

“இந்தத் தடவை ஒரு கோல்கூட உள்ளே போகக் கூடாது. யார் அடிச்சாலும் சரி! போச்சுன்னா அன்னைக்கே டீமைக் கலைச்சிடுவேன்.”

புதிதாகச் சேர்ந்த கோல்கீப்பர் ஜெனிட்டா மட்டும், “சரிங்க சார்” என்றாள்.

தொடக்க விழாவில் முதல் பந்தைத் தாளாளர்தான் அடிப்பார். கோல்கீப்பர் பிடிக்கப் போகிற மாதிரி பாய்ந்து கோட்டை விடுவாள், கூட்டம் கைதட்டும். வருஷா வருஷம் இதுதான் வழக்கம். அன்றும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். ஜெனிட்டா பிடித்துவிட்டாள். போட்டோக்காரர் இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். அதையும் பிடித்தாள். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

தாளாளர் பல்லைக் கடித்தபடி கிட்டே வந்தார். “விட்டுத் தொலையேம்மா!”

“விட்டா டீமைக் கலைச்சிடுவீங்களே சார்!”

“கலைக்க மாட்டேன், விடு.”

“அதை மைக்ல சொல்லிடுங்க சார்.”

வேறு வழி? “எத்தனை கோல் போனாலும் டீம் இருக்கும்” என்று மைக்கில் சொல்லிவிட்டு வந்து அடித்தார். பந்து தயங்கித் தயங்கி உருண்டது. ஜெனிட்டா எதிர்ப்பக்கம் பாய்ந்தாள்.

அந்த சீசனில் அப்புறமும் சில கோல்கள் விழத்தான் செய்தன. கோப்பையும் வந்தது. ஆனால் ஜெனிட்டா வேண்டுமென்றே விட்டது அந்த ஒன்றைத்தான்.