மந்தியின் கைப்பிடி

கள்ளிமேட்டுக் காட்டில் அந்த வருஷம் பங்குனியிலேயே குளம் வற்றிப் போனது. அடியில் சேறு, சேற்றில் வெடிப்பு, அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் பாறை வெளியைத் தாண்டி அந்தப் பக்கத்து மடுவுக்குப் போக வேண்டும். பாறை வெளியில் ஒரு மரம் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது. போதாக்குறைக்குச் செந்நாய்கள் வேறு.

பெரிய மிருகங்கள் நடந்து போய்விடும். குட்டி வைத்திருக்கிற சின்ன மிருகங்கள் என்ன செய்யும்? நெடுங்காலன் என்ற கடமான்தான் அவர்களைக் காலையில் முதுகில் ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர் குடிக்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவான். நல்ல மனசுக்காரன். ஆனால் யார் முகமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவன். அந்தக் குணத்தால் என்ன வந்தது என்று கேளுங்கள்.

முதல் நாளே ஒரு முயல்குட்டி அவன் முதுகிலிருந்து சரிந்து விழப் பார்த்தது. அதைக் கண்ட தூக்கணாங்குருவி ஒருவன் பனைநாரைக் கிழித்து, புல்லையும் சேர்த்துப் பின்னி, மானின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பைகள் செய்து கொடுத்தான். பை ஆடாமல் இருக்க மானின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை. குட்டி எழும்பாமல் இருக்க அதன் தோளுக்கு மேலே இரண்டு நார். குட்டியின் முகம் மானின் வாலைப் பார்த்தபடி இருக்கும்.

"மான் சட்டுன்னு நின்னா, பை முதுகைத் தாங்கிக்கும். கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் குருவி.

அவன் பெண்டாட்டி வந்து ஒவ்வொரு முடிச்சையும் அலகால் இழுத்துப் பார்ப்பாள். புருஷன் கட்டின கூட்டையே இழுத்துப் பார்க்காமல் உள்ளே போகாதவள். பிள்ளைகள் விஷயத்தில் சும்மா விடுவாளா?

முயல் தன் இரண்டு குட்டிகளையும் பையில் வைத்தாள். கீரியும் தன் குட்டியை வைத்தாள். செம்பி என்ற மந்திக்கு மட்டும் இதைப் பார்த்தால் சிரிப்பு.

செம்பிக்கு ஒரே குட்டி. பெயர் பொட்டு. முந்தைய இரண்டும் பிறக்கும்போதே செத்துப் போக, மூன்றாவதாகப் பிழைத்த பிள்ளை. அவன் தும்மினால்கூட உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பாள். பிள்ளை மேல் பாசம் இல்லாதவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் குரங்குக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி தானாக ஓடியாடுகிற வரைக்கும் தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டுதான் இருக்க வேண்டும். வேறு எங்காவது வைத்தால், "பெத்த பிள்ளையைப் பிடிக்கத் தெரியாதவ" என்று கிளைக்குக் கிளை பேசுவார்கள்.

"செம்பியக்கா, உன் பிள்ளைக்கும் ஒரு பை இருக்கு. குருவி அளவெடுத்துப் பின்னியிருக்கான்" என்றாள் முயல்.

"உனக்குக் கை இல்லை, நீ பையில போடுற. எனக்கு ரெண்டு கை எதுக்கு இருக்கு?"

குருவி பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, மரத்துல தாவுறப்போ, எப்போ தாவப் போறோம்னு உனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடியே பிடியை இறுக்கிக்குவே. மான் எப்போ நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த மானுக்கே தெரியாதே."

"போடா. நேத்துக் கூடு கட்டக் கத்துக்கிட்டவன் எனக்குப் பிடிக்கக் கத்துக்குடுக்கிறியா? புயல்ல ஒத்தைக் கையால தொங்கித் தப்பிச்சவ நான்."

இருந்தாலும் ஒரு நாள் பையில் வைத்துத்தான் பார்த்தாள். பொட்டு வீல் வீல் என்று கத்தினான். அம்மா முகம் தெரியவில்லை, தோளை நார் அழுத்துகிறது, கத்தாமல் என்ன செய்வான்? மேலே கிளையில் இருந்த சித்திமார்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பத்து அடி போவதற்குள் செம்பிக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. சிரிப்பும் நின்றது.

நெடுங்காலன் திரும்பிப் பார்த்தான். "தங்கச்சி, அவன் பையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கும்."

"என்ன அண்ணே நீயும்? செந்நாய் வந்தா மேலேருந்து உனக்குக் குரல் குடுக்கிறது யாரு? எங்க கூட்டம்தானே? என் பிள்ளையை நான் விட்டுடுவேனா? நீ மெதுவாப் போ, அது போதும்."

நெடுங்காலன் சரி என்று தலையை ஆட்டினான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் முகம் கோணுமே!

பத்து நாள் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் இறங்கும்போது செம்பி குருவியைப் பார்த்து, "எங்கேடா விழுந்தான் என் பிள்ளை?" என்று கேட்பாள். குருவி அடுத்த பையின் முடிச்சைப் பார்க்கப் போய்விடுவான். பதினோராம் நாள் கீரிக்கும் சபலம் தட்டியது. "தினமும் அழுறான், நானும் கையில வச்சுக்கிறேனே" என்று தோள் நாரை அவிழ்க்கப் போனாள். குருவியின் பெண்டாட்டி பறந்து வந்து அவள் கையைக் கொத்தினாள்.

"அழுதா என்ன? தண்ணி குடிச்சா நிறுத்திடுவான். கட்டுடி முதல்ல!"

கீரி முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள்.

அன்றைக்குச் செந்நாயும் இல்லை, ஒன்றும் இல்லை. நெடுங்காலன் வேகமாகக்கூட ஓடவில்லை. மிதமாகத்தான் போனான். மடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "அதோ பாரு, தண்ணி" என்று செம்பி பிள்ளைக்குக் காட்டினாள். வந்தாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது காய்ந்த புதரிலிருந்து ஒரு கௌதாரி, பின்னாலேயே நாலு குஞ்சுகள், வரிசையாகக் குறுக்கே ஓடின.

நெடுங்காலன் நாலு காலையும் ஊன்றி நின்றான். அவன் நின்றது சரிதான். வேறு யாராக இருந்தாலும் நின்றுதான் இருப்பார்கள். குஞ்சு ஒன்றுகூட மிதிபடவில்லை.

பைகள் ஒரு உலுக்கு உலுக்கின. முயல்குட்டிகள் முதுகு பையில் அழுந்தக் கிடந்து கத்தின. கீரிக்குட்டிக்குத் தோளில் நார் பட்டுக் கன்றிப்போனது. முயலும் கீரியும் பட்டையைப் பல்லால் கவ்வியிருந்தார்கள். அவர்களும் தப்பினார்கள்.

செம்பி முன்னால் வீசப்பட்டு மானின் கொம்பில் போய் மோதினாள். விழாமல் பிடித்துக்கொண்டாள். கெட்டிப் பிடி. புயலில் தப்பித்த அதே பிடி. ஆனால் இரண்டு கையாலும் பிடித்திருந்தது கொம்பை. எப்போது பிள்ளையை விட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். வயிற்றில் பிள்ளை இல்லை.

பொட்டு பத்தடி தள்ளி, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தான்.

"டேய், பொட்டு. எந்திரிடா. அம்மா வந்துட்டேன் பாரு." எடுத்துத் தூக்கினாள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. ரத்தம் இல்லை, அழுகை இல்லை. அவள் அவனை வயிற்றில் வைத்து அழுத்தினாள். அவன் கைகள் கவ்வவில்லை.

"நீ ஏன்டா நின்ன?" என்று நெடுங்காலனைப் பார்த்து அலறினாள்.

"குஞ்சுங்க குறுக்கே வந்துச்சு, தங்கச்சி."

"அதுங்க செத்தா எனக்கென்ன? என் பிள்ளை போயிட்டானே."

நெடுங்காலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "நின்னதுக்கு நான் அழல. பை இல்லாம உன்னை ஏத்தினேனே, அதுக்குத்தான் அழறேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தேன். உன் பிள்ளையைப் பார்க்கல."

செம்பி தன் கைகளை அந்தக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். முயல் வந்து தடுக்கிற வரைக்கும் அடித்தாள்.

ஆறு நாள் அவள் அந்தச் சின்ன உடம்பைக் கீழே வைக்கவில்லை. ஈ மொய்த்தது. வாடை வந்தது. அப்போதும் வயிற்றோடு பிடித்துக்கொண்டே கிளைக்குக் கிளை போனாள். சித்திமார்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஏழாம் நாள் அவளே ஒரு மரப்பொந்தில் அவனைப் படுக்க வைத்து, இலைகளால் மூடினாள்.

மறுநாள் காலை இளம் மந்தி ஒருத்தி தன் குட்டியோடு நெடுங்காலனிடம் வந்தாள். பையில் வைத்ததும் குட்டி கத்தியது. மேலேயிருந்து ஒரு சித்தி, "பாவம்டி, இன்னைக்கு ஒரு நாள் கையில வச்சுக்கயேன்" என்றாள். பேசுகிற வாய் எங்கே சும்மா இருக்கும்?

இளம் மந்தி நெடுங்காலனைப் பார்த்தாள்.

"கையில வச்சா நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி" என்றான் அவன். அவள் முகம் கோணியது. அவன் அசையவில்லை.

செம்பி மரத்திலிருந்து இறங்கி வந்தாள். காய்ந்துபோன புண் கைகளால் அந்தக் குட்டியின் தோள் நாரை எடுத்து, இறுக்கி முடிந்தாள். குட்டி இன்னும் பலமாக அழுதது.

"ரொம்ப அழுறானே அக்கா" என்றாள் இளம் மந்தி.

"அழட்டும்டி. அழுறான்னுதான் நான் எடுத்தேன்" என்றாள் செம்பி.

காரில் ஏறும் பெரியவர்களே, பாசமுள்ள மடி பிள்ளையைக் காப்பாற்றாது. எவ்வளவு அழுதாலும், யார் முகம் கோணினாலும், போகிற இடம் எவ்வளவு பக்கமானாலும், பிள்ளையை அதற்குரிய இருக்கையில் பட்டை போட்டு உட்கார வைத்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.